எலுமிச்சை, சாவி, படகு

நூறுல இருந்து ஏழு ஏழாக் குறைக்கச் சொல்லப் போறீங்க, அதானே சார்? நீங்க கேட்க வேண்டாம், நானே சொல்லிடறேன். தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சு... போதுமா? ரெண்டு வரைக்கும் போவேன். போன தடவை போனேன். அந்தம்மா "போதும் சார், போதும்"னாங்க. நான் நிறுத்தலை. ஆரம்பிச்சதைப் பாதியில விடறது என் பழக்கமில்லை.

மூணு வார்த்தையும் சொல்லிடறேன். எலுமிச்சை, சாவி, படகு. இது நீங்க கொடுத்தது இல்லை. உங்களுக்கு முன்னால இந்த நாற்காலியில ஆலோசகரா உட்கார்ந்திருந்த ஹெப்சிபா மேடம் கொடுத்தது. "அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்பேன், ஞாபகம் வச்சுக்கோங்க"ன்னாங்க. அஞ்சு நிமிஷமா? ஆகஸ்டு ஏழாம் தேதி, வியாழக்கிழமை, காலையில பதினொண்ணேகால். இன்னையோட ரெண்டு மாசம் தாண்டியாச்சு. எலுமிச்சை, சாவி, படகு. ராத்திரி தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவங்களைத்தான் கேட்கச் சொல்லுங்க பார்ப்போம், இப்போ எங்க இருக்காங்களோ.

எழுதுங்க, எழுதுங்க. பேர் தவசிக்கண்ணு. வயசு அம்பத்தொம்பது. வேலை தபால்காரன். "தபால்காரராக இருந்தவர்"னு எழுதிடாதீங்க. இன்னும் தபால்காரன்தான். பையைத்தான் வாங்கி வச்சிருக்காங்க.

நீங்க சின்ன வயசா இருக்கீங்க. தம்பின்னு கூப்பிட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? சரி. தம்பி, முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். எனக்குக் கோபமே வராது. ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. ரைஸ்மில் சந்துல மரியதாஸ் வாத்தியார் வீட்டு நாய் என் கெண்டைக்காலைக் கவ்விப் பிடிச்சது. ஒரு வார்த்தை பேசினேனா? ஊசி போட்டுக்கிட்டு மறுநாள் டூட்டிக்கு வந்துட்டேன். வாத்தியார் வீடு சந்துல முதல் வீடு. அன்னையில இருந்து அவர் தபாலை மட்டும் கட்டுல கடைசியா வச்சுக்கிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் காலையில பத்தரைக்குக் கொடுப்பேன். அவர் வாசல் வழியாவே மணியடிச்சுக்கிட்டுப் போயி, ஊரெல்லாம் சுத்திட்டு, சாயங்காலம் நாலரைக்குத் திரும்பி வந்து கொடுப்பேன். அன்னைய தபாலை அன்னைக்கே கொடுத்தாச்சு. எந்தச் சட்டத்துல தப்பு? "தவசி, எனக்கு ஏதாச்சும் இருக்காடா?"ன்னு வாசல்ல சேர் போட்டு உட்கார்ந்து கேட்பார். "பார்க்கணும் சார்"னுட்டுப் போயிடுவேன். ரெண்டு வருஷம். நாய் செத்த பிறகுதான் நிறுத்தினேன்.

இதைக் கோபம்னு சொல்லுவீங்களா? எனக்கு வந்ததை அனுப்பினவங்ககிட்டயே திருப்பிச் சேர்த்தேன். அதான் தம்பி என் தொழில்.

இங்க எதுக்கு அனுப்பினாங்கன்னு ஃபைல்ல எழுதியிருக்கும். "மேலதிகாரியைத் தாக்கினார்"னு இருக்கா? பொய். தாக்கலை. முத்திரை குத்தினேன்.

கோதண்டபாணின்னு புது போஸ்ட்மாஸ்டர் வந்தார். வந்த மூணாவது மாசம், ஜூலையில, என்னைக் கூப்பிட்டு, "ஏன்யா உன் பீட்டுத் தெருக்கள்ல மட்டும் ரிஜிஸ்தர் தபால் பாக்கி நிக்குது? தூரமான வீடா இருந்தா 'கதவு பூட்டியிருந்தது'ன்னு எழுதிட்டு வந்துர வேண்டியதுதானே"ன்னார். "போகாமலேயா சார்?"னேன். "எல்லாரும் எழுதறதுதான்யா. நீ என்ன பெரிய அரிச்சந்திரனா?"ன்னார். நான் மாட்டேன்னுட்டேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பார்க்கிறேன், என் கட்டுல இருந்து மூணு தபாலை எடுத்து, அவர் கையாலயே "கதவு பூட்டியிருந்தது"ன்னு எழுதி, முந்தின நாள் தேதியைப் போட்டு வச்சிருக்கார். கதவும் பூட்டலை, தேதியும் அது இல்லை.

தேதி முத்திரையை எடுத்தேன். மை அட்டையில நல்லா அழுத்தினேன். அவர் வெள்ளைச் சட்டைப் பைக்கு மேல ஒரே குத்து. "இன்னைக்குத் தேதி இதுதான் சார். ஜூலை பதினாறு. மறந்துடாதீங்க"ன்னேன். ஸ்டாம்ப் வாங்க நின்ன ஜனம் பூராவும் பார்க்குது. ஒரு ஆள் கையைக்கூடத் தட்டினான். முதல் குத்து சரியா விழலை, வருஷம் மங்கிப் போச்சு. அதனால இந்தப் பக்கம் இன்னொண்ணு. அவ்வளவுதான். இதுல அடிதடி எங்க வந்தது?

சஸ்பெண்ட் பண்ணியிருந்தாக்கூட எனக்கு மரியாதை. பண்ணலை. "இவருக்கு மனநிலை சரியில்லை போலத் தெரியுது, பெரியாஸ்பத்திரியில காட்டிச் சான்றிதழ் வாங்கிட்டு வரட்டும், அதுவரைக்கும் பை கிடையாது"ன்னு எழுதிட்டாங்க. மே மாசத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட் தம்பி. என் ஆசை ஒண்ணே ஒண்ணுதான். கடைசி நாளும் பையை மாட்டிக்கிட்டு என் பீட்டைச் சுத்தி வந்து, என் பையை நானே இறக்கி வைக்கணும். இன்னொருத்தன் என் தோள்ல இருந்து உருவக் கூடாது. இந்தத் தாள்ல நீங்க என்ன எழுதறீங்களோ அதை வச்சுத்தான் அது நடக்கும், நடக்காது. டாக்டர் மாசத்துக்கு ரெண்டு தடவை வர்றார், ஆலோசகர் எழுதினதைப் பார்த்துக் கையெழுத்துப் போடறார். எனக்கு எல்லாம் தெரியும்.

அதனால அந்த ஆகஸ்டு ஏழாம் தேதி நல்லா ஷேவ் பண்ணிட்டு, காக்கியை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வந்தேன். ஹெப்சிபா மேடம் முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? "இன்னைக்கு என்ன தேதின்னு சொல்ல முடியுமா சார்?"

என்னைப் பார்த்து!

தம்பி, எங்க ஆபீஸ்ல தினமும் காலையில முத்திரையில தேதிக் கட்டையை மாத்துறது யாரு? நான். மாத்தி, முதல் குத்தை ஒரு நோட்டுல குத்தி, பக்கத்துல கையெழுத்துப் போடணும். மழை, பந்த், வெள்ளம், எதுவா இருந்தாலும். இருபத்தாறு வருஷ நோட்டு இருக்கு. இந்த ஊருக்கே தேதி என் கையில இருந்துதான் போகுது. இன்னைக்குக் காலையிலகூட நான்தான் மாத்திட்டு வந்தேன். என்கிட்டத் தேதி கேட்கிறது, கோயில் குருக்கள்கிட்டச் சாமி எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்கிற மாதிரி.

சொன்னேன். நாள், கிழமை, மணி, தபால் வண்டி வர்ற நேரம் எல்லாம் சேர்த்தே சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. இந்த இடம் எதுன்னு கேட்டாங்க. பின்கோடோட சொன்னேன். வீட்டுல யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. யாரும் இல்லைன்னேன். "உங்களுக்கு யாராவது கடிதம் போடுவாங்களா சார்?"னு கேட்டாங்க. இது என்ன கேள்வி? தபால்காரனுக்கு யார் தபால் போடுவா? அதையும் சொன்னேன். அதை மட்டும் உடனே எழுதலை. பேனாவை வச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. என்னைக் குறைச்சுப் பார்க்கிறாங்கன்னு அப்பவே புரிஞ்சு போச்சு.

அப்புறம் அந்தக் கேள்வி. உங்க ஃபாரத்துலயும் இருக்கும், ரெண்டாம் பக்கம். "தெருவில நடந்து போறீங்க. முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கடிதம் ஒண்ணு கீழ கிடக்குது. என்ன செய்வீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்காரங்க தபாலைப் பத்தி என்கிட்டயே கேட்கிறாங்க! பரவாயில்லைன்னு விளக்கமாச் சொன்னேன். "மேடம், முதல்ல ஸ்டாம்ப் மேல முத்திரை விழுந்திருக்கான்னு பார்க்கணும். விழலைன்னா யாரோ பெட்டியில போட வந்து தவற விட்டது. விழுந்திருந்தா எங்க ஆளு எவனோ பையில இருந்து போட்டிருக்கான். எந்தத் தெரு, யாரோட பீட்டு, எத்தனாம் தேதி முத்திரைன்னு பார்த்து அந்த ஆளைப் பிடிக்கணும். விளக்கம் கேட்டு எழுதி வாங்கணும். அவன் அன்னைக்கு வேற எதைத் தொலைச்சான்னு தோண்டணும். விடக்கூடாது. ஒரு கடிதத்தை உரியவங்ககிட்டச் சேர்க்காதவன் காக்கி போடவே லாயக்கில்லை"ன்னேன். அரை மணி நேரம் சொல்லியிருப்பேன். மேசையைக்கூட ஒரு தட்டுத் தட்டினேன், விளங்கணும்னுதான்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க சொல்றாங்க, "அந்தக் கடிதத்தை என்ன செய்வீங்கன்னு இன்னும் சொல்லலையே சார்."

சொன்னேனே! அரை மணி நேரமா என்ன சொன்னேன்?

அவங்களுக்குத் தெரியாத ஒண்ணு, நான் தலைகீழா வாசிப்பேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் தபாலைத் தெரு வாரியாப் பிரிச்சவன். எவ்வளவு கோணல் கையெழுத்தா இருந்தாலும், இங்கிலீஷா இருந்தாலும், எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் கூட்டி வாசிச்சுடுவேன். மேடம் எழுதறதை வாசிச்சேன். "ஜட்ஜ்மென்ட் குறைவு. இன்சைட் இல்லை. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கவும்." மருந்துக் கடைக்காரர்கிட்ட அர்த்தம் கேட்டேன். நல்லது கெட்டது தீர்மானிக்கத் தெரியலையாம். தனக்கு என்ன செய்யுதுன்னு தனக்கே தெரியலையாம். எனக்கு!

அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன். எலுமிச்சை, சாவி, படகு. எலுமிச்சை, சாவி, படகு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வார்த்தை. அந்தம்மாவுக்கு இதைத் திருப்பிச் சேர்க்காம விடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

ரெண்டு மாசம் என்னை உள்ள உட்கார வச்சாங்க தம்பி. தபால் பிரிக்கிற மேசையில. என் பீட்டை வேற ஒருத்தன்கிட்டக் கொடுத்தாங்க. அவனுக்குப் பள்ளிவாசல் தெருவுக்கும் பள்ளிவாசல் பின்தெருவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஜனங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "என்ன தவசி, உடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்கிறாங்க. பைத்தியமான்னு கேட்கிறதுக்குப் பதிலா அப்படிக் கேட்கிறாங்க. கால் ரெண்டும் உட்கார்ந்தே வீங்கிப் போச்சு.

செப்டம்பர் நாலாம் தேதி என் கைக்கு அது வந்து சேர்ந்தது. பழுப்புக் கவர். எங்க டிவிஷன் ஆபீஸ்ல இருந்து. "ஆலோசகர், மனநலப் பிரிவு"ன்னு இந்த ஆஸ்பத்திரி விலாசம்.

பார்த்ததுமே விளங்கிடுச்சு. எங்க மேலாபீசுக்கும் இந்தம்மாவுக்கும் என்ன கடிதப் போக்குவரத்து? என்மேல ரெண்டாவது புகார் போயிருக்கு. அதுக்குப் பதில் வந்திருக்கு. ஒரு தடவை எழுதினது பத்தலை, இன்னும் குழி தோண்டுறாங்க. ரிஜிஸ்தர் இல்லை, சாதாரணத் தபால், எங்கயும் பதிவு கிடையாது. எடுத்து என் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டேன். பிரிக்கலை! அதை எழுதிக்கோங்க. இருபத்தாறு வருஷத்துல அடுத்தவங்க கவர் ஒண்ணைக்கூட நான் பிரிச்சதில்லை.

அடுத்த புதன்கிழமை மேடமே தேடிக்கிட்டு வந்துட்டாங்க. கவுன்டர்ல அன்னைக்கு நான்தான். "சார், எப்படி இருக்கீங்க, தூங்குறீங்களா? எனக்கு டிவிஷன்ல இருந்து ஒரு தபால் வரணும்"னாங்க. பத்து நிமிஷம் நிக்க வச்சேன். உள்ள போய்த் தேடற மாதிரி ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்து, "ஒண்ணும் வரலை மேடம்"னேன்.

பதினேழாம் தேதி மறுபடி வந்தாங்க. "ஃபோன் போட்டுக் கேட்டேன் சார், அனுப்பியாச்சுன்னு சொல்றாங்க. அதுல ஒரு படிவம் இருக்கு, அதுலதான் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம்"னாங்க. ஓகோ, இவங்க கையெழுத்து விழுந்தாத்தான் என் கதை முடியுமா! சட்டைக்குள்ள கவர் குறுகுறுக்குது. "யார் அனுப்பினது? என்ன நிறம்? எத்தனாம் தேதி போட்டது?"ன்னு வரிசையாக் கேட்டேன். பாவம், ஒண்ணுக்கும் பதில் தெரியலை. "ஞாபகப்படுத்திப் பாருங்க மேடம்"னேன். "நல்ல சேதி வந்தா உங்களுக்கு நானே சொல்றேன் சார்"னு சிரிச்சாங்க. என்னை வீட்டுக்கு அனுப்பறது இவங்களுக்கு நல்ல சேதி. அதை என்கிட்டயே சொல்ற தைரியத்தைப் பாருங்க.

மூணாவது தடவை வந்ததைத்தான் நீங்க பார்த்திருக்கணும் தம்பி. இருபத்தி நாலாம் தேதி. முகம் வாடிப் போயிருந்தது. வரிசையில பின்னால ஏழெட்டுப் பேர். நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, மெதுவாக் கேட்டேன்: "மேடம், இன்னைக்கு என்ன தேதின்னு சொல்ல முடியுமா?"

அவங்க என்னைப் பார்த்தாங்க. "இருபத்தி நாலு சார்."

"சரி. கிழமை?"

"புதன்."

"இது எந்த இடம்னு தெரியுதா?"

பின்னால நின்னவன் ஒருத்தன் சிரிச்சுட்டான். மேடமும் லேசாச் சிரிச்சாங்க, ஆனா கண்ணு சிரிக்கலை. "என்னை டெஸ்ட் பண்றீங்களா சார்? பண்ணுங்க. ஆனா அந்தத் தபாலைக் கொஞ்சம் நல்லாத் தேடிப் பாருங்க. நாளைக்குக் கடைசி நாள். என் கான்ட்ராக்டும் இந்த மாசத்தோட முடியுது, அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நான் எழுந்து போய், தபால் அலமாரியில ஒவ்வொரு கட்டமா, அவங்க கண்ணு முன்னாலயே தேடினேன். மேல் வரிசை, கீழ் வரிசை, மூட்டைக்கு அடியில. தேடத் தேட உடம்பெல்லாம் ஒரு குளுமை பாத்துக்கோங்க. ரெண்டு மாசத்துல அன்னைக்குத்தான் எனக்குப் பசியெடுத்தது. திரும்பி வந்து கையை விரிச்சேன். "வரலை மேடம். வந்தாத்தானே கொடுக்க முடியும்?"

போயிட்டாங்க. மாசக் கடைசியில ஊரை விட்டே போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அன்னைக்கு அரை கிலோ மிக்சர் வாங்கிக் கொண்டு போய் ஆபீஸ்ல எல்லாருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம்னு கேட்டாங்க. சொல்லலை. கோதண்டபாணிக்கும் கொடுத்தேன்.

ஏன் தம்பி எழுதறதை நிறுத்திட்டீங்க? தப்பா நினைக்காதீங்க. நான் கடிதத்தைத் தொலைக்கிறவன் இல்லை. எங்க முறை ஒண்ணு இருக்கு. ஆள் பேருக்கு வந்த தபாலை அந்த ஆள்கிட்டத்தான் கொடுக்கணும். பதவிக்கு வந்த தபாலா இருந்தா, அந்த நாற்காலியில இப்போ யார் உட்கார்ந்திருக்காங்களோ அவங்களுக்கு. கவர்ல ஹெப்சிபான்னு ஒரு எழுத்து இல்லை. "ஆலோசகர்"னுதான் இருக்கு. இப்போ ஆலோசகர் யாரு? நீங்க. அதான் கொண்டு வந்திருக்கேன். இந்தாங்க. கசங்கலை பாருங்க. பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்சிருந்தேன். தாமதம் வேணும்னா சொல்லுங்க, பட்டுவாடா ஆகலைன்னு எவனும் சொல்ல முடியாது.

இப்போ உங்க ஃபாரத்துல அந்த ரெண்டாம் பக்கத்தைத் திருப்பி எழுதுங்க. கடிதம் கிடைச்சா என்ன செய்வார்? உரியவங்ககிட்டச் சேர்ப்பார். ஜட்ஜ்மென்ட் நல்லா இருக்கு. எழுதுங்க.

பிரிச்சுப் பாருங்களேன், உங்களுக்கு வந்ததுதானே. அந்தம்மா என்மேல என்னவெல்லாம் எழுதிப் போட்டாங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன். புதுசா வந்தவர் நீங்க, அதையெல்லாம் நம்பிடக் கூடாதுன்னுதான் இவ்வளவும் சொன்னேன்.

என்ன, மனசுக்குள்ளயே வாசிக்கிறீங்க? வாய்விட்டு வாசிங்க தம்பி. இங்கிலீஷா? பரவாயில்லை, கூட்டிக் கூட்டிப் புரிஞ்சுக்குவேன்.

ஏன் கையை வச்சு மறைக்கிறீங்க? கையை எடுங்க. நான்தான் சொன்னேனே, தலைகீழா வாசிப்பேன்னு.

டி, எச், ஏ, வி... என் பேரு. என் பேர்தான் இருக்கும்னு சொன்னேனா இல்லையா? அடுத்த வரி. யுவர் ரெக்கமண்டேஷன். டூ ரெஸ்டோர்... ரெஸ்டோர்னா என்ன தம்பி?

திருப்பிக் கொடுக்கிறதா.

எதை?

பீட்டையா? என் பீட்டை எனக்கா? யார் கேட்டது? இந்தம்மாவா? இவங்கதானே எனக்கு ஜட்ஜ்மென்ட் இல்லைன்னு... இருங்க, இருங்க. ஆகஸ்டு இருபத்தொண்ணு. என்னைப் பார்த்து ரெண்டே வாரத்துல எழுதியிருக்காங்களா? இது என்ன, இந்த ரெண்டு வரி? தமிழ்ல சொல்லுங்க.

"இவரை உட்கார வைத்திருப்பது இவருக்கு நல்லதல்ல. நடந்து தபால் கொடுப்பதுதான் இவரை நிலையாக வைத்திருக்கிறது." இது அவங்க எழுதினதா? என்னைப் பத்தியா?

என்னைப் பத்தி யாரும் இதுவரைக்கும் எழுதினதில்லை தம்பி.

சரி, படிவம் இதுதானே, பின்னால இருக்கு. இதுல கையெழுத்துப் போட்டு அனுப்பணும். நீங்க போடலாமே, நீங்கதானே இப்போ ஆலோசகர்? அந்த நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காங்களோ... ஏன் தலையை ஆட்டுறீங்க? எத்தனாம் தேதிக்குள்ள அனுப்பணும்? வேண்டாம், சொல்ல வேண்டாம். தெரியுது. செப்டம்பர் இருபத்தஞ்சு. அதுக்குக் கீழ இருக்கிற வரியும் தெரியுது. அது இங்கிலீஷ்லயே எனக்குப் புரியும். அதுக்குள்ள படிவம் போகலைன்னா கட்டாய ஓய்வு. அந்த மாதிரிக் கடிதம் எத்தனை பேருக்கு வந்திருக்கு, நான்தானே வீடு வீடாக் கொண்டு போய்க் கொடுத்தேன்.

"நல்லாத் தேடிப் பாருங்க சார்"னாங்க. மூட்டைக்கு அடியிலகூடத் தேடினேன்.

பேனாவை மூடாதீங்க. ஃபாரம் பாதியில நிக்குது. ஆரம்பிச்சதைப் பாதியில விடக் கூடாது. கேளுங்க. முதல் கேள்வியில இருந்து வரிசையாக் கேளுங்க. இன்னைக்கு என்ன தேதின்னு கேளுங்க.

தெரியலை.

ஆமா தம்பி, தெரியலைன்னே எழுதிக்கோங்க.

அந்த மூணு வார்த்தையை மட்டும் கேட்டுடாதீங்க.